நன்றியுரை வரை உட்கார்ந்திருந்தவர்

சிறப்புரைக்கு ஆள் பிடிக்கும் வேலை, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பிடிக்கும் வேலையைவிடக் கொஞ்சம் கஷ்டமானது. மாப்பிள்ளை தாலி கட்டியதும் மேடையை விட்டு இறங்கிவிடுவார். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தால் இறங்க மாட்டார்.

நான் மரக்காணத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முடியாது என்று சொல்லத் தெரியாத முகம் எனக்கு. அதைப் பார்த்துத்தான் பிரின்சிபால் மாணவர் மேம்பாட்டுக் குழுவை என் தலையில் கட்டினார். பாடத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும் என்று வியாழக்கிழமை மதியம் ஒரு சிறப்புரை, அவ்வப்போது சுற்று வட்டார ஊர்களில் பொதுமக்களுக்கான ஒரு நிகழ்ச்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது ஷாமியானாக்காரனுக்கு போன் போட்டு, விருந்தினருக்கு இளநீர் வாங்கி, மைக் செட் 'கீய்ங்' என்று அலறும்போது மேடையில் அசட்டுச் சிரிப்புடன் நின்றிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாலு மணி பஸ்

எங்கள் கல்லூரி வாசலில் நாலு மணிக்கு ஒரு டவுன் பஸ் நிற்கும். அதை விட்டால் பிரம்மதேசம் பக்கத்துப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். ஆகவே உலகத்தில் எப்பேர்ப்பட்ட அறிஞர் பேசிக்கொண்டிருந்தாலும் மூன்றே முக்காலுக்கு அரங்கில் பை எடுக்கும் சத்தம் கேட்கும். விருந்தினர் 'இறுதியாக ஒன்று' என்று நாலாவது முறை சொல்லும்போது வெளியே ஹார்ன் அடிக்கும். அப்புறம் அரங்கில் இருப்பது நான், விருந்தினர், மைக் செட்காரர், மேடையில் மாட்டிய பேனர்.

நன்றியுரை அந்த நேரத்தில்தான் வரும். பஸ்ஸுக்குப் போகும் பிள்ளை எதுவும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் எங்கள் கல்லூரியில் நன்றியுரைக்குத் தகுதி, நல்ல குரலோ நல்ல தமிழோ இல்லை, வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படித்தான் அமலி வந்து சேர்ந்தாள். வேதியியல் இரண்டாம் ஆண்டு. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை. பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருவாள். முதல் நாள் அவள் பேசியதைக் கேட்டு நான் அசந்துபோனேன். விருந்தினர் ஒன்றரை மணி நேரம் சுற்றி வளைத்ததை நாலு வரியில் சொல்லி, அதற்கு நன்றியும் சொன்னாள். இறங்கி வந்தவளிடம், எல்லோரும் போய்விட்டார்களே என்று நான்தான் சங்கடப்பட்டேன். அவள் சிரித்தாள்.

"பரவால்ல மேம். நாற்காலிங்க கடைசி வரைக்கும் இருந்துச்சு."

அதிகாலையின் அருமை

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். தன்னம்பிக்கைப் பேச்சாளர். தலைப்பு, அதிகாலையில் எழுவதன் அருமை. படம் காட்ட வேண்டும் என்று ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னார். மதியம் சாப்பாடு முடிந்த நேரம், இருட்டு, மேலே ஃபேன். திரையில் சூரியன் உதிக்க உதிக்க, எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். முதல் வரிசையில் ஒரு பையன் குறட்டையே விட்டான்.

உப்பு விளையும் காலத்தில் அளத்து வீட்டுப் பிள்ளைகள் பலரும் மூன்று மணிக்கெல்லாம் எழுந்து பெற்றவர்களோடு பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரை சேர்க்க வேண்டும். அதை முடித்துவிட்டு, காலில் இருக்கும் உப்பைக் கழுவிவிட்டுத்தான் முதல் வகுப்புக்கு வருவார்கள். அமலியும் அப்படித்தான். அன்றைக்கு அவள் தொடையைக் கிள்ளிக்கொண்டே விழித்திருந்ததைப் பார்த்தேன். நன்றியுரையில், அதிகாலையைப் பற்றி இவ்வளவு அழகான படங்களைக் காட்டியதற்கு மனமார்ந்த நன்றி என்றாள். குத்தலாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விருந்தினரை கார் வரை கொண்டுபோய் விட்டேன். கதவைச் சாத்தும் முன் என்னிடம் வருத்தப்பட்டார்.

"இந்தப் பசங்களுக்குக் காலைல சீக்கிரம் எழுந்திருக்கிற பழக்கமே இல்ல போலிருக்கே மேடம்."

பொன்னாடை

விருந்தினர்கள் பொன்னாடையை ஆசையாகத்தான் போட்டுக்கொள்வார்கள். ஃபோட்டோ எடுத்து முடித்ததும் வியர்க்கிறது என்று கழற்றி நாற்காலியில் வைப்பார்கள். அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் என்ன செய்வேன். மடித்து என் மேசை டிராயரில் வைத்து, அடுத்தவருக்குப் போடுவேன். வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்ற தைரியம். கிளியனூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரண்டாம் முறையாக வரும்வரை அந்த தைரியம் இருந்தது. அவர் பொன்னாடையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, என் காதில் மட்டும் விழும்படி சொன்னார்.

"இந்தக் காப்பிக் கறை நான் போன வருஷம் ஊத்துனதும்மா. நல்லா பத்திரமா வெச்சிருக்கீங்க."

எலுமிச்சை சாதப் பொட்டலம்

அமலியின் ஊரிலேயே ஒரு நிகழ்ச்சி வைத்தோம். மாதா கோயில் மைதானத்தில் ஷாமியானா. தலைப்பு, குடிநீரும் உடல் நலமும். அளத்து வேலை முடிந்து வந்த பெண்கள் காலைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்தார்கள். விருந்தினர், தினமும் மூன்று லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும் என்றார். ஒரு அம்மா எழுந்து, "குடிக்கறோம் சார். குடிச்சா ஒதுங்கறதுக்கு எங்க போறது? அளத்துல ஒரு செடிகூட கெடையாது. அதுக்கு பயந்துதான் நாங்க தண்ணியே குடிக்கறதில்ல" என்றார். விருந்தினர் நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, அடுத்த படத்தைப் போடச் சொன்னார். எனக்கு அவரை அந்தப் பாத்தியில் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைக்க வேண்டும் போலிருந்தது. கை தட்டினேன். என் வேலை அது.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. சாப்பாட்டுப் பொட்டலத்தை நன்றியுரைக்கு முன்னால் எடுக்கவே கூடாது. அன்றைக்கு டெம்போ சீக்கிரம் வந்துவிட்டது. எங்கள் தொண்டர் படை ஆர்வக்கோளாறில் எலுமிச்சை சாதத்தைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அமலி மைக் முன்னால் வந்தபோது மொத்தக் கூட்டமும் டெம்போவைச் சுற்றி நின்றது. ஒரே ஒரு ஆள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கட்டம் போட்ட லுங்கி. வீங்கிய காலில் துணி சுற்றியிருந்தது. அமலி கடைசி நன்றியைச் சொல்லி வணக்கம் போடும்வரை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் ஒருவர் மட்டும் கை தட்டினார். அமலியின் அப்பா, சவரிமுத்து. பொட்டலம் தீர்ந்துவிட்டதே என்று நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எம் பொண்ணு பேசறத இன்னிக்குத்தான் டீச்சரம்மா கேக்கறேன். நன்றி சொல்றதே இப்படி இருக்குதே, மொதல்ல பேச வுட்டா எப்படிப் பேசும்?"

மழைக்கால லீவு

நியாயமான கேள்விதானே. பிரின்சிபாலிடம் போய், மாணவர்களும் சிறப்புரை பேசட்டும், முதலில் அமலி பேசட்டும் என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். அமலிக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தண்ணீர் உப்பாவதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பேசப்போவதாகச் சொன்னாள். எது முதலில் படியும், எது கடைசி வரை படியாமல் கசப்பாக நிற்கும், அதை ஏன் வடித்துவிட வேண்டும். எல்லாம் நான் வகுப்பில் நடத்தியதுதான். ஆனால் அவள் சொல்லும்போது அதில் காற்றும் வெயிலும் வந்து நின்றன. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அப்பா வர வேண்டும். மேடையில் முழுசாகப் பேசுகிற தன்னை அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உப்புக் காலத்தில் அவரால் வர முடியாது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஐப்பசி பிறந்து மழை விழுந்தால் அளம் முழுக்கத் தண்ணீர், வேலை இருக்காது. அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அதற்குள் அவள் வீட்டில் அப்பாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். முழுசையும் சொல்லிவிடாதே, மேடையில் கேட்பதற்கு மிச்சம் வை என்று அவர் பாதியில் நிறுத்திவிடுவாராம். குறித்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்தது. கல்லூரிகளுக்கு விடுமுறை என்று டி.வி.யில் ஓடியது. அடுத்த வியாழனும் அதே கதை. அதற்கடுத்த வாரம் செமஸ்டர் தேர்வு. தேர்வு அறை வாசலில் என்னைப் பார்த்த அமலி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"மழை பேஞ்சாதான் மேம் அப்பாவுக்கு லீவு. அப்ப காலேஜுக்கும் லீவு வுட்டுடறாங்க."

வெளிநாட்டிலிருந்து வந்தவர்

பொங்கல் முடிந்து அமலி வந்தபோது முகமே மாறியிருந்தது. அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றாள். காலில் வீக்கம் எல்லாம் அதுதான். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். சனிக்கிழமையும் புதன்கிழமையும். புதன்கிழமை போய்விட்டு வந்தால் வியாழக்கிழமை கொஞ்சம் தெம்பாக இருப்பார். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லி நாங்கள் அவர் ஊரில் கூட்டம் போட்டது எனக்கு நினைவு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். இனிமேல் தள்ளிப் போடக்கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. அடுத்த வியாழனையே குறித்தேன்.

அன்று மதியம் ஷேர் ஆட்டோவில் சவரிமுத்து வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உடம்பு பாதியாகியிருந்தது. மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார். அப்போதுதான் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், மறுநாள் விமானம், இன்று விட்டால் கிடைக்க மாட்டார். அவர் பத்து நிமிடம் பேசட்டும், அப்புறம் அந்தப் பெண் பேசட்டும் என்றார். பத்து நிமிடம் எப்படி முடியும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அமெரிக்கப் பனியில் ஆரம்பித்து, அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கும்போது வெளியே ஹார்ன் அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். அமலி மேடைக்குப் போய், கொண்டுவந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டு, வந்தவருக்கு நன்றி சொன்னாள். கடைசி வரிசையில் சவரிமுத்து அன்றைக்கும் கை தட்டினார். தட்டிய கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நேராக பிரின்சிபால் அறைக்குப் போய், என் வயதுக்கும் வேலைக்கும் மீறிச் சத்தம் போட்டேன். அவர் நல்ல மனிதர்தான். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சமாதானம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு இங்கதானம்மா இருக்குது, எங்க போயிடப் போகுது? அடுத்த வியாழக்கிழமை வேற யாருமே கெடையாது, அது மட்டும்தான் பேசுது."

மாதா கோயிலில்

அடுத்த வியாழக்கிழமைக்கு நான் திண்டிவனம் போய்ப் புதுப் பொன்னாடை ஒன்று வாங்கி வைத்தேன். காப்பிக் கறை இல்லாதது. புதன்கிழமை காலை வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போன சவரிமுத்து, சாயங்காலம் ஆம்புலன்சில் திரும்பி வந்தார். ஊசி போட்டுப் படுத்திருக்கும்போதே உயிர் போய்விட்டது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மாதா கோயிலில் அடக்கத் திருப்பலி. பிரின்சிபால் அன்றைய கூட்டத்தை ரத்து செய்துவிட்டுத் தானும் வந்தார். பிள்ளைகள் பஸ் பிடித்தும் சைக்கிளிலும் நடந்தும் வந்துவிட்டார்கள். அளத்து ஆட்கள், முதலாளிகள், ஊர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கோயில் கொள்ளாமல் வெளியே வெயிலில் நின்றார்கள். பொன்னாடையைக் கொண்டுபோயிருந்தேன். அமலியின் அம்மாவிடம் கேட்டுவிட்டு சவரிமுத்துவின் மேல் போர்த்தினேன். பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும் முன், வீட்டு ஆள் ஒருவர் வந்தவர்களுக்கு நன்றி சொல்வது அங்கே வழக்கம். அமலியின் சித்தப்பா மைக் முன்னால் போய் நின்றார். மைக்கைப் பிடித்தபடியே அமலியைத் திரும்பிப் பார்த்தார். அமலி எழுந்து போனாள்.

எப்போதும் போலத்தான் ஆரம்பித்தாள். பூசை வைத்த ஃபாதருக்கு நன்றி. ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு, வண்டி கொடுத்தவருக்கு, ராத்திரியெல்லாம் கூட இருந்த அளத்துக்காரர்களுக்கு, கல்லூரிக்கு. குரல் பிசகவில்லை. அப்போது கோயில் வழியாகப் போகும் நாலு மணி பஸ் சாலையில் ஹார்ன் அடித்தது. பழக்க தோஷம், கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. பிரம்மதேசத்துப் பிள்ளைகள்கூட அப்படியே நின்றார்கள். பஸ் போய்விட்டது. அமலி பெட்டியின் பக்கம் திரும்பினாள். "எங்கப்பாவுக்கு நன்றி சொல்லணும். காலேஜ்ல யார் யாருக்கோ சொல்லியிருக்கேன். ஒரே ஒரு நாள் பாத்தவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். உங்களுக்குச் சொன்னதே இல்லப்பா" என்றாள். பிறகு வழக்கம் தவறாமல், நன்றி, வணக்கம் என்று முடித்தாள். கோயிலில் யாரும் கை தட்ட மாட்டார்கள். அந்த ஒரு கைதட்டல் இல்லாததுதான் எனக்குக் காதில் கேட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் கல்லூரிக்கு வந்தாள். பிரின்சிபாலே அவளைக் கூப்பிட்டு, எந்த வியாழன் வேண்டுமோ சொல்லு, வெச்சுக்கலாம் என்றார். அவள் சரி சார் என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்ததும், எந்த வியாழக்கிழமை போடட்டும் என்று நான் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். பேச்சு தயாராகத்தானே இருக்கிறது என்றேன். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"பேசியாச்சே மேம். அன்னிக்கு ஒருத்தர்கூட எழுந்து போகல. முழுசா கேக்கறவரு ஒருத்தருதான் இல்ல."

இப்போதெல்லாம் எங்கள் நிகழ்ச்சி நிரலில் நன்றியுரைதான் முதலில் வருகிறது. நான் இன்னும் பேசவே இல்லையே, அதற்குள் எதற்கு நன்றி என்று விருந்தினர் விழிக்கிறார், விழிக்கட்டும்.